சோப்புக் கட்டியிலிருந்து பட்டறை வரை: பள்ளியில் தொழில்நுட்ப வரைபடம் கற்க முழு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் வரைந்த ஒரு வரைபடத்தால் 24 வார்ப்புகள் பழைய இரும்புக்குப் போயின. வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய படத்தை நம் ஊர் முறைக்கு மாற்றி வரைவது என் வேலை. வலமிருந்து பார்த்த தோற்றத்தை அவர்கள் வலப்பக்கமே வைத்திருந்தார்கள். நம் முறையில் இடப்பக்கம் வர வேண்டிய அதை நானும் அதே இடத்தில் வைத்துவிட்டேன். எந்த முறையில் வரைந்தது என்று சொல்லும் குறியீட்டையும் போடவில்லை. முதல் உருப்படியை லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) மாட்டிய டர்னர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங் தம்பி, ஆயில் ஓட்டை இந்தப் பக்கமுங்களா, அந்தப் பக்கமுங்களா?" என்று கேட்டார். அதற்குள் 24-ம் வார்த்து முடிந்திருந்தது.

இப்போது மேல்நிலை வகுப்புத் தொழிற்கல்விப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வரையச் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். படத்தைப் பார்த்து வேலை செய்பவர் நம் பக்கத்தில் இருக்க மாட்டார். கோவையில் கணபதிப் பகுதியில் ஒருவர் வரைந்த தாளை சிட்கோ தொழிற்பேட்டையில் இன்னொருவர் விரித்துப் பார்ப்பார். அவர் கேட்கப்போகும் கேள்விக்கெல்லாம் தாளிலேயே பதில் இருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் ஒரு வசதி உண்டு. படத்தில் வருகிற பொருள் தெருமுனையிலேயே கிடைக்கும். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு மில்களும், அவற்றைச் சுற்றிப் பட்டறைகளும் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடு இங்கேயே மின்மோட்டார் செய்து காட்டினார். பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று எதை எடுத்தாலும், இந்த ஊரில் அதைக் கடையும் ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார்.

முதலில் வாங்க வேண்டியவை

ஏ3 தாள், அதைத் தாங்கும் வரைபலகை, மினி டிராஃப்டர் (பலகையில் மாட்டி இணைகோடுகள் இழுக்கும் கருவி) அல்லது டி-ஸ்கொயர் (டி வடிவ ஸ்கேல்), இரண்டு மூலைமட்டங்கள் (45 பாகை ஒன்று, 30-60 ஒன்று), நல்ல காம்பஸ், 2 எச், எச், எச்பி பென்சில்கள், மென்மையான ரப்பர், தாளைப் பிடிக்க கிளிப். இவ்வளவு போதும். பலகை 700 × 500 மி.மீ. அளவில் இருந்தால் ஏ2 தாளுக்கும் உதவும்.

காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் காம்பஸில் மட்டும் பிடிக்காதீர்கள். கால் ஆடுகிற காம்பஸில் வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது. பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். இப்படி மனசு விட்டுப்போன இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். காம்பஸை மாற்றிக் கொடுத்ததும் அடுத்த வாரமே இருவருடைய வட்டமும் சரியாகிவிட்டது.

மினி டிராஃப்டர் வைத்திருப்பவர்கள் தாளைக் கிளிப் போட்டதும் அதன் ஸ்கேலைத் தாளின் கீழ் விளிம்போடு பொருத்திப் பார்த்து இறுக்குங்கள். பாதியில் கை பட்டு நகர்ந்தால் மறுபடி பொருத்த வேண்டும். இதைச் செய்யாமல் வரைந்தால் படம் முழுக்க அரை பாகை சாய்ந்து நிற்கும், எங்கே தப்பு என்று தேடியே ஒரு பீரியட் போய்விடும்.

தாளின் அளவில் ஓர் அழகு இருக்கிறது. ஏ4 210 × 297, ஏ3 297 × 420, ஏ2 420 × 594. ஒன்றை நடுவில் மடித்தால் அடுத்த சின்ன அளவு வரும், நீள அகல விகிதம் மாறாது. அந்த விகிதம் 2-ன் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.414. எல்லாவற்றுக்கும் மூலமான ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். எழுத்து உயரங்களும் இதே கணக்கில்தான் ஏறுகின்றன: 2.5, 3.5, 5, 7, 10 மி.மீ.

கோடு பழகுதல்

முதல் இரண்டு வாரம் கோடுதான். பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும். ஆனால் பட்டறையில் இருப்பவர் படத்தைப் படிப்பது கோட்டின் தடிமனை வைத்துத்தான், அதனால் நான் இதை விட்டுக்கொடுப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் தடித்த முழுக்கோடு. உள்ளே மறைந்திருக்கும் விளிம்புக்கு விட்டுவிட்டு வரும் கோடு: சுமார் 3 மி.மீ. கோடு, 1 மி.மீ. இடைவெளி. வட்டத்தின், உருளையின் நடுவைக் காட்ட நீளக்கோடும் சிறுகோடுமாக மாறி மாறி வரும் மையக்கோடு. அளவு குறிக்க மெல்லிய முழுக்கோடு. தடித்தது 0.5 மி.மீ. என்றால் மெல்லியது 0.25, அதாவது ஒன்றுக்கு மற்றது இரண்டு மடங்கு. இந்த வித்தியாசம் ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தாலும் தெரிய வேண்டும்.

முதலில் எல்லாவற்றையும் 2 எச் பென்சிலில், தாளில் தடம் பதியாதபடி லேசாக இழுங்கள். படம் சரி என்று தெரிந்த பிறகு எச் பென்சிலில் விளிம்புகளை அழுத்துங்கள். எழுத்துக்கும் எண்ணுக்கும் எச்பி. பென்சிலை விரல்களுக்கு நடுவே மெதுவாக உருட்டிக்கொண்டே இழுத்தால் கூர் ஒரே பக்கமாகத் தேயாது. கோடு கடைசி வரை ஒரே தடிமனில் வரும்.

கூடவே, கருவி எதுவும் இல்லாமல் வெறுங்கையால் வரையவும் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வட்டம் வரைய முதலில் ஒரு சதுரம் போட்டு, நான்கு பக்கங்களின் நடுவிலும் புள்ளி வைத்து, புள்ளிகளை வளைவாக இணையுங்கள். பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்ட வேண்டி வரும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

சோப்புக் கட்டியை வெட்டுங்கள்

பாடப்புத்தகத்தில் இருக்கும் கட்டைப் படத்தைப் பார்த்து மூன்று தோற்றம் வரையச் சொன்னால் பாதிப் பேருக்கு வராது. ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குத் தாவுவது கடினம். கையில் பொருள் இருந்தால் வரும். அதனால் துணி துவைக்கும் சோப்பு ஒன்று வாங்கி, பழைய கத்தியால் இப்படி வெட்டச் சொல்கிறேன்.

நீளம் 40, அகலம் 25, உயரம் 30 மி.மீ. உள்ள கட்டை. அதில் மேல் இடப்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டால் எல் வடிவம் மிஞ்சும்: கீழே 10 மி.மீ. தடிமனில் ஓர் அடித்தட்டு, வலது ஓரத்தில் 10 மி.மீ. தடிமனில் நிற்கும் ஒரு சுவர். சுவருக்கு வெளியே தெரியும் அடித்தட்டின் நடுவில் மேலிருந்து கீழாக 10 மி.மீ. விட்டத்தில் ஓர் ஓட்டை. பேனா மூடியை வைத்து மெதுவாகத் திருகினால் ஓட்டை விழும். அளவு பிசகினால் சுரண்டிச் சரி செய்யலாம், மிஞ்சியது துவைக்க ஆகும்.

இப்போது கட்டையை மேசையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நேர் எதிரே கண்மட்டத்தில் பாருங்கள். எல் மட்டும் தெரியும். இதுதான் முன்தோற்றம். எழுந்து நின்று நேர் மேலிருந்து பாருங்கள். செவ்வகமும் அதற்குள் சுவரின் ஒரு கோடும் ஒரு வட்டமும். இது மேல்தோற்றம். இடப்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். உயரமான செவ்வகம், கீழே குறுக்காக ஒரு கோடு. இது பக்கத்தோற்றம்.

அப்புறம் ஒரு சோதனை. சுவர் இடப்பக்கம் வரும்படி கட்டையைத் திருப்பி வைத்து, மறுபடி இடமிருந்து பாருங்கள். அந்தக் குறுக்குக்கோடு சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும், படத்தில் அதை விட்டுவிட்டு வரும் கோடாகப் போட வேண்டியிருக்கும். பொருள் ஒன்றுதான், வைத்த விதம் மாறியதும் படிக்கிறவருக்குச் சிரமம் கூடிவிட்டது. மறைகோடு குறைவாக வரும்படி பொருளை வைத்துக்கொள்வது வரைகிறவர் செய்ய வேண்டிய முதல் முடிவு.

எந்தத் தோற்றம் எங்கே

நம் நாட்டில் பழக்கத்தில் இருப்பது முதல் கோண முறை. முன்தோற்றத்துக்கு நேர் கீழே மேல்தோற்றம். இடமிருந்து பார்த்தது முன்தோற்றத்துக்கு வலப்பக்கம். அமெரிக்காவில் மூன்றாம் கோண முறை. அங்கே மேல்தோற்றம் மேலே, இடமிருந்து பார்த்தது இடப்பக்கமே. என் 24 வார்ப்புகளைத் தின்றது இந்த வித்தியாசம்தான்.

அதனால் ஒவ்வொரு தாளிலும் குறியீட்டைப் போடுங்கள். நுனி வெட்டிய கூம்பை, சின்ன முனை இடப்பக்கம் இருக்கும்படி படுக்க வைத்து வரைய வேண்டும். அதன் வலப்பக்கம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள் வந்தால் முதல் கோணம். வட்டங்கள் கூம்பின் இடப்பக்கம் வந்தால் மூன்றாம் கோணம். மனப்பாடம் செய்ய வேண்டாம், இடமிருந்து பார்த்தால் சின்ன முனையும் பெரிய முனையும் சேர்ந்து இரண்டு வட்டமாகத் தெரியும், அதைக் கொண்டுபோய் எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இப்படி ஒரு பொருளைத் தளங்களில் வீழ்த்திக் காட்டும் கணக்கை ஒழுங்குபடுத்தியவர் காஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சுக்காரர். 18-ம் நூற்றாண்டில் கோட்டை கட்டும் ராணுவப் பள்ளியில் இதை உருவாக்கினார். எதிரிக்குத் தெரியக்கூடாது என்று ராணுவம் இதைப் பல வருடம் ரகசியமாக வைத்திருந்தது. இன்று நம் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் படிக்கிறார்கள்.

தாளில் இடம் பிரித்து வரைதல்

சோப்பு சின்னது, அதனால் இரட்டிப்பு அளவில், அதாவது 2:1 என்ற அளவுகோலில் வரைவோம். 40 என்பது தாளில் 80 ஆகும், 25 என்பது 50, 30 என்பது 60.

ஏ3 தாளைப் படுக்கையாக வைத்து, இடப்பக்கம் 20 மி.மீ., மற்ற மூன்று பக்கமும் 10 மி.மீ. விட்டுக் கட்டம் போடுங்கள். உள்ளே 390 × 277 கிடைக்கும். இடப்பக்கம் கூடுதலாக விடுவது கோப்பில் குத்துவதற்கு. வலது கீழ் மூலையில் 185 × 65 அளவில் தலைப்புக் கட்டம். பெயர், பொருள், அளவுகோல், தேதி, கோணக் குறியீடு எல்லாம் அதற்குள் போகும்.

குறுக்கே எவ்வளவு வேண்டும்? முன்தோற்றம் 80, இடைவெளி 40, பக்கத்தோற்றம் 50, மொத்தம் 170. 390-ல் இது போக மிச்சம் 220, பக்கத்துக்கு 110. நெடுக்கே முன்தோற்றம் 60, இடைவெளி 40, மேல்தோற்றம் 50, மொத்தம் 150. மிச்சம் 127, மேலே 63 விட்டால் கீழே 64 நிற்கும். இந்தக் கணக்கை முதலில் போடாமல் பென்சிலை வைக்காதீர்கள். படம் தாளின் ஒரு மூலையில் ஒதுங்கி, அளவு எழுத இடமில்லாமல் தவிப்பது எல்லாம் இந்த இரண்டு நிமிடத்தைச் சோம்பியதால் வருவது.

முன்தோற்றத்தின் எல்-ஐ லேசாக வரையுங்கள். அதன் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கீழே நேர்கோடு இறக்குங்கள். நீளங்கள் மேல்தோற்றத்துக்குத் தானாகப் போய்ச் சேரும், மறுபடி அளக்க வேண்டாம். அதேபோல வலப்பக்கம் கிடைக்கோடுகள் நீட்டினால் உயரங்கள் பக்கத்தோற்றத்துக்குப் போகும். அகலத்தை மேல்தோற்றத்திலிருந்து பக்கத்தோற்றத்துக்குக் கொண்டுபோக, இரண்டுக்கும் இடையே காலியாக உள்ள மூலையில் 45 பாகைக் கோடு ஒன்று போடுங்கள். மேல்தோற்றத்திலிருந்து வரும் கிடைக்கோடு அதில் முட்டி, அங்கிருந்து செங்குத்தாக மேலே திரும்பும்.

இங்கே பலர் தடுமாறுவார்கள். கட்டையின் முன்பக்கம் மேல்தோற்றத்தில் எங்கே இருக்கிறது? அடியில் உள்ள விளிம்பு. பக்கத்தோற்றத்தில்? முன்தோற்றத்தை விட்டுத் தள்ளி, வலது கோடியில் உள்ள விளிம்பு. சந்தேகம் வந்தால் சோப்பின் முன்பக்கத்தில் ஒரு மைப்புள்ளி வைத்துப் பாருங்கள்.

மேல்தோற்றத்தில் இடது விளிம்பிலிருந்து 60-ல் சுவர்க்கோடு, 30-ல் வட்டத்தின் மையம், வட்டத்தின் விட்டம் 20. முன்தோற்றத்தில் ஓட்டை 20-க்கும் 40-க்கும் நடுவே இரண்டு மறைகோடாக, தரையிலிருந்து 20 உயரம் வரை. பக்கத்தோற்றத்தில் 20 உயரத்தில் குறுக்கே முழுக்கோடு, அதற்குக் கீழே 15-லும் 35-லும் மறைகோடுகள். மையக்கோடுகளை மூன்று தோற்றத்திலும் மறக்காமல் போடுங்கள்.

அளவு குறித்தல்

இந்தப் பாடத்தில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இதற்குத்தான். தேர்வில் இதற்குச் சில மதிப்பெண் போகும், பட்டறையில் இதில் பிசகினால் உருப்படியே போகும்.

தாளில் 80 மி.மீ. நீளமாக வரைந்திருந்தாலும் எழுத வேண்டியது 40. அளவுகோல் எதுவானாலும் எண் என்பது பொருளின் உண்மை அளவு. மில்லிமீட்டர் என்று ஒவ்வொன்றிலும் எழுத வேண்டாம், தலைப்புக் கட்டத்தில் ஒருமுறை சொன்னால் போதும். அம்புமுனை 3 மி.மீ. நீளம், அதில் மூன்றில் ஒரு பங்கு அகலம். அளவுக்கோடு படத்தின் விளிம்பிலிருந்து 8 அல்லது 10 மி.மீ. தள்ளி நிற்கட்டும். எண்களைத் தாளின் கீழிருந்தோ வலப்பக்கமிருந்தோ படிக்க முடிய வேண்டும்.

நம் கட்டைக்கு எத்தனை அளவு வேண்டும்? எண்ணிப் பாருங்கள். முன்தோற்றத்தில் நீளம் 40, உயரம் 30, அடித்தட்டின் தடிமன் 10, சுவரின் தடிமன் 10. மேல்தோற்றத்தில் அகலம் 25, ஓட்டையின் விட்டம் 10, அதன் மையம் இடது விளிம்பிலிருந்து 15, முன் விளிம்பிலிருந்து 12.5. மொத்தம் எட்டு.

சுவருக்கு வெளியே உள்ள நீளம் 30 என்று ஒன்பதாவதாக எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். 40-ம் 10-ம் இருந்தால் 30 தானாக வந்துவிடும். மூன்றையும் எழுதினால், நிஜத்தில் ஒன்று 0.2 கூடும்போது எதை விட்டு எதைப் பிடிப்பது என்று டர்னருக்குத் தெரியாது. ஓட்டைக்கு எப்போதும் மையத்தைத்தான் குறிக்க வேண்டும், டிரில் நுனி இறங்குவது அங்கேதான். வட்டத்துக்கு விட்டம், வில்லுக்கு ஆரம். விட்டக் குறியையும் (Ø) ஆரக் குறியையும் (R) மாற்றிப் போட்டால் உருப்படி இரட்டிப்பாகவோ பாதியாகவோ வரும்.

பக்கத்தோற்றத்தில் ஓர் அளவுகூட வரவில்லை, கவனித்தீர்களா? இந்தக் கட்டையைச் செய்ய முன்தோற்றமும் மேல்தோற்றமும் போதும். பட்டறையில் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். வகுப்பில் மூன்று கேட்டால் மூன்றையும் வரையுங்கள்.

உள்ளே வெட்டிப் பார்த்தல்

ஓட்டையின் நடுவழியாகக் கட்டையை நீளவாக்கில் அறுத்து, முன்பாதியை எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு மறைகோடாக இருந்தவை இப்போது முழுக்கோடாகும். கத்தி பட்ட இடத்தில் மட்டும் 45 பாகைச் சாய்வில் 2 அல்லது 3 மி.மீ. இடைவெளியில் மெல்லிய கோடுகள். ஓட்டை வெறும் காற்று, அங்கே கோடு வராது. சோப்பை நிஜமாகவே அறுத்துப் பார்க்கலாம், இரண்டு ரூபாய் நஷ்டம்தான். பம்பு உறையைப் போல உள்ளே குடைவு நிறைந்த பொருளுக்கு வெட்டுத்தோற்றம் இல்லாமல் படமே கிடையாது.

ஐசோமெட்ரிக்

பொருளின் மூன்று பக்கமும் ஒரே படத்தில் தெரியும்படி வரைவது இது. செங்குத்துக் கோடு ஒன்று, அதன் அடியிலிருந்து இருபுறமும் 30 பாகையில் இரண்டு கோடுகள். இம்மூன்றின் மேல் 40, 25, 30 அளந்து முழுப் பெட்டியை வரைந்து, பிறகு அதிலிருந்து வெட்டி எடுங்கள், சோப்பில் செய்த மாதிரியே. ஐசோமெட்ரிக் வீழல் (புரொஜெக்ஷன்) என்று கேட்டால் நீளங்களை 0.816 ஆல் பெருக்க வேண்டும். ஐசோமெட்ரிக் படம் என்று கேட்டால் உண்மை நீளமே போதும். கேள்வியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வட்டம் இங்கே நீள்வட்டமாகும். வட்டத்தைச் சுற்றி உள்ள சதுரம் சாய்சதுரமாக மாறும். அதன் இரண்டு விரிகோண மூலைகளிலிருந்தும் எதிர்ப்பக்கங்களின் நடுப்புள்ளிக்குக் கோடு இழுங்கள். அவை ஒன்றையொன்று வெட்டும் இரண்டு புள்ளிகள் சின்ன வில்லுக்கு மையம், விரிகோண மூலைகள் இரண்டும் பெரிய வில்லுக்கு மையம். நான்கு வில்லும் சேர்ந்தால் முடிந்தது.

நிஜப் பொருளுக்குப் போங்கள்

சோப்பு கைவந்ததும் பழைய பேரிங் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 6205 என்று பொறித்தது சுலபமாகக் கிடைக்கும். வெர்னியரில் (நுண்ணிய அளவு எடுக்கும் கருவியில்) அளந்தால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 வர வேண்டும். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 05 என்றால் 25. 04-லிருந்து மேலே இந்தக் கணக்கு பொருந்தும். உங்கள் அளவு இதோடு ஒத்துப்போனால் வெர்னியர் பிடிக்கக் கற்றுவிட்டீர்கள். பட்டறையில் பெரியவர்கள் நூல் கணக்கில் பேசுவார்கள், ஒரு நூல் என்பது கால் அங்குலத்தில் பாதி, சுமார் 3.2 மி.மீ. அவர்கள் சொல்வதை மில்லிமீட்டருக்கு மாற்றவும் பழகுங்கள்.

வார்ப்படப் பட்டறைக்கு ஒருமுறை ஆசிரியரோடு போய் வாருங்கள். பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மர மாதிரி, செய்யும் ஆசாரி உங்கள் படத்தில் உள்ள அளவிலேயே மரத்தைச் செய்ய மாட்டார். உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்கு ஏறத்தாழ 10 மி.மீ. சுருங்கும் என்பதால் அவ்வளவு கூட்டிச் செய்வார். கடைய வேண்டிய முகத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுவார். எந்த முகத்தைக் கடைய வேண்டும் என்பதை அவர் உங்கள் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

வடிவமைப்பு

இருப்பதை வரைவது வரை வந்தாயிற்று. இனி இல்லாததை வரைய வேண்டும். பெரிய இயந்திரம் எதையும் யோசிக்க வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கத்து மாணவி ஒருத்தி தேங்காய் உரிக்கும் பாரையை எடுத்துக்கொண்டாள். தரையில் ஊன்றிய பாரையின் உயரம் அவள் அப்பாவுக்குச் சரியாக இருந்தது, அம்மாவுக்கு உயரம். அம்மா தோளைத் தூக்கித் தூக்கி உரித்து, ராத்திரி வலி என்று படுப்பார்.

வீட்டிலும் பக்கத்துத் தோட்டத்திலும் ஐந்து பேருக்கு, நின்றபடி முழங்கை மடக்கினால் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தாள். கூடினதற்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்கி, குறுக்கே செருகிய ஊசியில் நிற்கும்படி ஆறேழு விதமாக வெறுங்கையால் வரைந்தாள். அட்டையில் மாதிரி செய்தபோது ஊசி அம்மாவின் கால் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. படத்தில் அது கண்ணில் படவே இல்லை. ஊசியை மறுபக்கம் திருப்பி, அப்புறம்தான் ஏ3 தாளில் அளவோடு வரைந்தாள். குறை, அளவு, கைப்படம், மாதிரி, திருத்தம், கடைசியாகத் தாள். நீங்களும் இந்த வரிசையிலேயே போங்கள். கழித்துப்போட்ட கைப்படங்களையும் தேதி போட்டு வைத்திருங்கள்.

கணினிக்கு எப்போது போவது என்று பெற்றோர் கேட்கிறார்கள். கையால் ஒரு பத்துத் தாள் முடித்த பிறகு என்பது என் கருத்து. ஃப்ரீகேட், லிப்ரேகேட் என்ற வரைபட மென்பொருள்கள் இரண்டும் இலவசம். கணினி கோட்டை நேராகப் போடும், ஆனால் எட்டு அளவு போதுமா ஒன்பதா என்பதை அது முடிவு செய்யாது. பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்புக்கும், பாலிடெக்னிக்குக்கும் போகிறவர்களுக்கு இது நேராகப் பயன்படும். பி.இ. முதலாண்டில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் தாளில் தடுமாறுகிற பிள்ளைகள் நிறைய, பிளஸ் ஒன்னில் சோப்பு வெட்டியவர்களுக்கு அந்தப் பயம் இருக்காது.

கடைசிச் சோதனை

உங்கள் கட்டையைப் பார்க்காத நண்பர் ஒருவரிடம் தாளை மட்டும் கொடுங்கள். கூடவே ஒரு புதுச் சோப்பு, ஒரு கத்தி, ஒரு ஸ்கேல். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். வெட்டி முடித்ததும் இரண்டு கட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்து, எட்டு அளவையும் ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். டிக் விழாத அளவுக்கும், பின்பக்கம் எழுதிய கேள்விகளுக்கும் தாளில் எங்கே பதில் இல்லாமல் போனது என்று தேடிப் பிடித்துத் திருத்துங்கள். திருத்திய தேதியைத் தலைப்புக் கட்டத்தில் குறித்துவிட்டு, தாளை வேறொரு நண்பரிடம் கொடுங்கள்.